செய்தலும் செய்வித்தலும்: தொழில்வழிச் சிகிச்சை உதவியாளரின் பணி

எமது கல்லூரியிற் பயின்று வைத்தியராகிப் புகழ் பெற்றோர் பலர். அவர்தம் பணி யாதென எவரும் விளக்கிக் கூறவேண்டுவதில்லை. தாதியரின் தொண்டினையும் உலகம் நன்கறியும். ஆயின், பாரிசவாதத்தாலோ விபத்தாலோ வீழ்ந்த ஒருவர் கட்டிலினின்றும் எழுந்து, தம் கையாலே சட்டையை அணிந்து, தம் கையாலே உணவை உண்டு, மீண்டும் தம் வீட்டிலே வாழத் தொடங்கும் வரையில் அவரருகே நிற்கும் பணியாளர் ஒருவரைப் பற்றி நம்மவர் அறிந்தது மிகக் குறைவு. அவரே தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர். பிரித்தானியா, கனடா, அமெரிக்கா முதலிய நாடுகளின் வைத்தியசாலைகளிலே இப்பதவி நன்கு வேரூன்றியுள்ளது. கடல் கடந்து வாழும் எம்மவரிற் சிலரும் இதிலே அமர்ந்துள்ளனர். யாமும் பிரித்தானிய வைத்தியசாலையொன்றில் இப்பணியைச் செய்து வருகின்றோம். விடுமுறையில் ஊருக்கு வருங்கால், "தம்பி, நீர் அங்கே என்ன உத்தியோகம்?" எனப் பெரியோர் வினவுவர். விடை கூறினால், "நோயாளிகளுக்குத் தொழில் பழக்கி வேலை எடுத்துக் கொடுக்கிறதோ?" என்று மீண்டும் வினவுவர். அவ்வினாவுக்கு ஆறுதலாக விடை கூற இம்மலர் இடந்தந்தமை எமக்கு மகிழ்ச்சி தருகின்றது.

இம்மயக்கத்துக்குக் காரணம் 'தொழில்' என்னுஞ் சொல்லேயாம். இக்கால வழக்கிலே தொழில் என்பது பிழைப்புக்காக மேற்கொள்ளும் உத்தியோகத்தைக் குறிக்கும். ஆயின், நாம் கல்லூரியிற் கற்ற இலக்கணத்தைச் சற்றே நினைவு கூர்வோமாக. தொழிற்பெயர் எனக் கூறுங்கால் இலக்கண ஆசிரியர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையையோ கருதினார்? உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல், பேசல் ஆகிய யாவும் தொழிற்பெயர்களே. மனிதன் காலையிற் கண் விழித்தது முதல் இரவிற் கண்ணயரும் வரை இயற்றும் வினை ஒவ்வொன்றும் தொழிலாம். இந்த விரிந்த பொருளிலேதான் 'தொழில்வழிச் சிகிச்சை' என்னுந் தொடரை நாம் கொள்ளல் வேண்டும். நோயினாற் கைவிட்டுப்போன அன்றாடத் தொழில்களை அத்தொழில்களைச் செய்விப்பதன் வாயிலாகவே மீட்டுக் கொடுப்பது இச்சிகிச்சை. இங்கே தொழிலே இலக்கு, தொழிலே மருந்து.

இக்கருத்து நேற்றுத் தோன்றியதன்று. 1793ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் மனநோயகத்திற் கடமையேற்ற பிலிப் பினெல் என்னும் வைத்தியர், மனநோயாளரை அடைத்து வைப்பதினும் அன்புடன் நடத்தி, ஏற்ற வேலைகளில் ஈடுபடுத்துதல் பயனுடைத்து என வற்புறுத்தினார். 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரிலே வில்லியம் ரியூக் என்பார் திறந்த இல்லத்திலும் தோட்டவேலையும் வீட்டுவேலையும் சிகிச்சையின் கூறுகளாயின. எனினும், இது தனித்ததொரு துறையாக உருப்பெற்றது 1917 மார்ச் மாதத்திலே, அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூரிலாகும். அங்கே ஒரு சிலர் கூடி இத்துறைக்கெனச் சங்கமொன்றை நிறுவினர். அவரை அழைத்துக் கூட்டியவர் ஜோர்ஜ் எட்வேட் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர். அவர் வைத்தியரல்லர், நோயாளி. காசநோயால் வருந்தி, பின்பு உடலின் இடப்புறம் செயலிழந்து, கைவேலையாலும் தோட்டவேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டவர். அக்கூட்டத்திற் பங்குகொண்ட எலினோர் கிளார்க் ஸ்லேகிள் என்னும் அம்மையார், நெடுங்காலம் மனநோயகத்திற் கிடந்தோர்க்கு ஒரு நாளின் பழக்கங்களை ஒழுங்குபடுத்திப் பயிற்றும் முறையை வகுத்தவராவர்.

முதலாம் உலகப் போர் இத்துறைக்கு வேகமளித்தது. கையிழந்தும் காலிழந்தும் மனமுடைந்தும் திரும்பிய போர்வீரரை வாழ்வுக்கு மீட்க, அமெரிக்க இராணுவம் மகளிர் பலரைப் பயிற்றி வைத்தியசாலைகளுக்கு அனுப்பிற்று. 1930இல் எலிசபெத் காசன் என்னும் வைத்திய அம்மையார் பிறிஸ்ரல் நகரிலே 'டோர்செற் இல்லம்' என்னும் பெயரிற் பிரித்தானியாவின் முதலாவது தொழில்வழிச் சிகிச்சைக் கல்லூரியை நிறுவினார். 1952இல் உலக சம்மேளனம் ஒன்று தோன்றிற்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் நோயாளர் தொகை பெருகச் சிகிச்சையாளர் தொகை போதாதாயிற்று. அக்குறையை நிரப்பவே, 1950களின் இறுதியில் அமெரிக்காவிலே பயிற்சி பெற்ற உதவியாளர் என்னும் வகுப்பு முறைப்படி வகுக்கப்பட்டது.

சிகிச்சையாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் எனில், இருவர்க்கும் வேறுபாடு யாது? நோயாளியை முதலிற் பரிசோதித்து, அவர்க்கு எவ்வெச் செயல்கள் இயலும், எவை இயலா, ஏன் இயலா என மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டத்தை வகுப்பவர் சிகிச்சையாளர். அத்திட்டத்தை நாள்தோறும் நோயாளியுடன் நடைமுறைப்படுத்துபவரும், அதன் பயனைக் கவனித்து அறிவிப்பவரும் உதவியாளர். அமெரிக்காவில் உதவியாளராக விரும்புவோர் பொதுவாக ஈராண்டுக் கல்வியும், அதன் இறுதியிற் பதினாறு வாரத்துக்குக் குறையாத களப்பயிற்சியும் பெற்று, தேசியப் பரீட்சையிலும் தேறல் வேண்டும். பிரித்தானியாவில் 'தொழில்வழிச் சிகிச்சையாளர்' என்னும் பட்டம் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. பதிவு பெற்றோரன்றிப் பிறர் அப்பெயரைச் சூடுதல் குற்றம். உதவியாளர்க்கு அத்தகைய பதிவில்லை; பதிவு பெற்றவரின் மேற்பார்வையிலேயே அவர் பணியாற்றுவர். திட்டத்தை மாற்றும் அதிகாரமும் உதவியாளர்க்கில்லை. ஆயின் நோயாளியோடு பெரும்பொழுதைக் கழிப்பவர் அவராதலின், திட்டம் மாறவேண்டும் என்பதை முதலில் உணர்பவரும் பெரும்பாலும் அவரே.

இனி, இயன்மருத்துவர்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாட்டையும் கூறிவிடுதல் நன்று. இயன்மருத்துவர் கையின் வலிமையையும் காலின் நடையையும் நோக்குவர். தொழில்வழிச் சிகிச்சையாளரோ, அக்கை கோப்பையைப் பிடிக்குமா, அக்கால் நோயாளியைக் குளியலறைக்குக் கொண்டு செல்லுமா என நோக்குவர். இரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்பன.

பணியின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பாரிசவாதத்தால் வலக்கை வலுக்குன்றிய முதியவர் ஒருவர் என வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணி. அவர் சட்டை அணிதல் வேண்டும். உதவியாளர் தாமே அணிவித்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆயின் அவர் அவ்வாறு செய்வதில்லை. முதியவரை உறுதியான நாற்காலியில், இரு பாதமும் நிலத்திற் படிய இருத்துவர். சட்டையை அவர் மடியிலே, கழுத்துப்பட்டி மார்புப் பக்கமாகவும் உட்புறம் மேலாகவும் விரித்து வைப்பர். வலுக்குன்றிய கையை முதலிற் சட்டைக்கையினுள் நுழைத்தல் வேண்டும். நல்ல கை பின்னரே. கழற்றும்போது நல்ல கை முதலில் வெளிவரும். நோயுற்ற கை இறுதியில். இவ்வொழுங்கு மாறின் நோயாளி சட்டைக்குள் அகப்பட்டுத் திகைப்பர். இவ்வளவையும் சொல்லிக் காட்டிவிட்டு, உதவியாளர் தம் கைகளை விலக்கிக்கொண்டு காத்திருப்பர். இரண்டு நிமிட வேலை இருபது நிமிடமாகும். அந்த இருபது நிமிடமே சிகிச்சை.

காத்திருத்தல் சோம்பியிருத்தலன்று. எப்பொழுது, எவ்வளவு உதவுவது என்பதற்கு ஒரு படிமுறை உண்டு. முதலிற் சும்மா பொறுத்திருத்தல். நோயாளிக்குத் தானாகவே நினைவு வரலாம். வாராவிடின் ஒரு சொல்: "ஐயா, அடுத்தது எது?" அதுவும் போதாதாயின் கைச்சைகை. அதன் பின்னர் முழங்கையை மெல்லத் தொட்டு வழிகாட்டுதல். இறுதியிலேதான் தூக்கிக் கொடுத்தல். எந்தப் படியில் நோயாளி செயலை முடித்தார் என்பதை அன்றே குறித்து வைப்பர். முக்காற் பங்கினையோ அதற்கு மேலோ நோயாளி தாமே செய்தாராயின் அது சிற்றுதவி. அரைப்பங்குக்கு மேற்பட்டால் நடுத்தர உதவி. காற்பங்குக்கு மேற்பட்டால் பேருதவி. அதனினுங் குறைந்தால் முழு உதவி. 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்திலே மஹோனி, பார்தெல் என்னும் இரு அம்மையார் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பல நாடுகளில் வழங்குகின்றது. உண்ணல், குளித்தல், முகம் துலக்கல், உடுத்தல், மலங் கழித்தல், சலங் கழித்தல், மலசலகூடத்தைப் பயன்படுத்தல், கட்டிலினின்றும் நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறல் ஆகிய பத்துத் தொழில்களுக்கும் புள்ளி இட்டு, நூற்றுக்கு எத்தனை எனக் கணிப்பது அம்முறை. எமது கல்லூரியில் நூற்றுக்கு எழுபத்தைந்து பெற்ற மாணவர் அதனைப் பெரிதாகக் கருதாதிருத்தல் கூடும். ஆனால், இருபதினின்று நாற்பதுக்கு உயர்ந்த நோயாளிக்கு அவ்விருபது புள்ளி, பிறர் கையை எதிர்பாராது ஒரு வாய் உணவு உண்ணுதலும் ஒரு நாற்காலிக்கு மாறுதலுமாகும்.

இத்துணைப் பொறுமை எதற்காக என வினவலாம். அதற்கு அறிவியல் கூறும் விடை உண்டு. எட்வேட் டௌப் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் குரங்குகளிடத்தே ஆராய்ந்து ஒருண்மையைக் கண்டார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்கு, அக்கையை அசைக்க முடிந்தபோதும் அசைப்பதில்லை. நல்ல கையாலேயே யாவற்றையும் செய்துகொள்ளும். நல்ல கையைக் கட்டிவிட்டாலோ, கைவிடப்பட்ட கை தொழிற்படத் தொடங்கும். தொடக்கத்தில் முயன்று தோற்றமையால் அக்கையைப் பயன்படுத்தாமை என்பதே ஒரு பழக்கமாகிவிட்டது என அவர் விளக்கினார். மனிதரிடத்தும் இவ்வாறே நிகழ்கின்றது. 2006இல் அமெரிக்காவில் வெளியான பெரியதோர் ஆய்விலே, பாரிசவாதம் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதங்கள் சென்ற 222 நோயாளர் பங்குகொண்டனர். ஒரு சாராரின் நல்ல கைக்கு உறையிட்டு, இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியிலும் நோயுற்ற கையையே பயன்படுத்துவித்தனர். வழமையான பராமரிப்புப் பெற்றோரைக் காட்டிலும் அவர்கள் கூடுதலாகத் தேறினர். ஓராண்டு சென்ற பின்பும் அப்பயன் நிலைத்திருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்தக் கூடியவர்க்கே இம்முறை பொருந்தும். எனினும் அதனாற் பெறப்படும் பாடம் பொதுவானது. பயன்படுத்தாத கையை மூளை மறந்து விடுகின்றது. நோயாளிக்காக நாம் செய்துவிடும் ஒவ்வொரு செயலும், அவர் மறத்தற்கு நாம் அளிக்கும் ஒரு வாய்ப்பாகும்.

மிகுந்த அன்பு சில வேளைகளில் நேரடியாகவே தீங்கு விளைத்தலும் உண்டு. பாரிசவாதத்தால் தளர்ந்த தோள்மூட்டைத் தாங்கி நிற்கும் தசைகள் வலுவிழந்திருக்கும். அக்கையைப் பிடித்து இழுத்து நோயாளியை எழுப்பினால் மூட்டு நழுவி, நீங்காத நோவு உண்டாகலாம். ஆதலின் கையை இழுத்துத் தூக்கலாகாது என்பது உதவியாளர் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. கழுத்திலே முண்ணாண் காயமுற்றோரின் நிலையோ இன்னும் நுட்பமானது. அவருட் சிலர்க்கு விரல்கள் முற்றாகச் செயலிழந்த போதிலும் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் வலு எஞ்சியிருக்கும். மணிக்கட்டு உயர, விரல்களின் தசைநாண்கள் இறுகி விரல்கள் தாமாகவே மடங்கும். மணிக்கட்டுத் தாழ, விரல்கள் விரியும். இந்த இறுக்கத்தையே பிடியாகக் கொண்டு கரண்டியையும் பேனாவையும் பிடிக்கப் பயிலலாம். இதனையறியாத உறவினர் ஒருவர், மடங்கிய விரல்களைக் கண்டு மனமிரங்கி, மணிக்கட்டு உயர்ந்த நிலையிலேயே அவற்றை நாள்தோறும் நன்றாக நீவி நிமிர்த்தி விடுவாராயின், நோயாளிக்கு எஞ்சியிருந்த ஒரே பிடியும் தளர்ந்துபோம். பரிவு இருந்தது, அறிவு இல்லை. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

உதவியாளரின் மற்றுமொரு கடமை கண் திறந்து பார்த்தல். மூளையின் வலப்பாகத்திற் பாரிசவாதம் கண்ட சிலர், கண்பார்வை குன்றாதிருந்தும், தமது இடப்புறத்து உலகத்தைக் கவனிப்பதேயில்லை. தட்டிலே வலப்பக்கத்து உணவை மட்டும் உண்டு, இடப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவர். முகத்தின் வலப்பாதியை மாத்திரம் சவரஞ் செய்வர். "ஐயாவுக்குப் பசியில்லைப் போலும்" என வீட்டார் எண்ணுவர். தட்டைச் சற்றே திருப்பி வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். எஞ்சிய உணவையும் அவர் உண்டு முடிப்பர். உதவியாளர் இதனைக் கண்டு அறிவித்தால், சிகிச்சையாளர் திட்டத்தை மாற்றுவர்: இடப்புறத்தே நின்று பேசுதல், தட்டின் இடவிளிம்பிலே செந்நிற நாடாவொன்று ஒட்டி அதனைத் தேடிப் பார்க்கப் பயிற்றுதல் என்பன அவற்றுட் சில. உணவு ஊட்டும்போது இருமல் எழுதல், ஓய்வின் பின்னும் மூச்சு வாங்குதல், நேற்றுச் செய்த வேலையை இன்று செய்ய இயலாமை, வழமையாகப் பேசுபவர் வாய் திறவாமை ஆகிய யாவும் குறிப்பேட்டில் ஏறவேண்டியவை. சிறியன போலத் தோன்றும் இவற்றினாலேயே பெரிய ஆபத்துக்கள் காலத்தில் உணரப்படுகின்றன.

நோய்க்கு ஏற்பச் செய்விக்கும் முறையும் வேறுபடும். மூட்டுவாதத்தால் விரல் மூட்டுக்கள் வீங்கியோர்க்கு, சிறிய மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றக் கற்பிப்பர். பையை விரல்களாற் தூக்காது முன்னங்கையிற் கொளுவுதல், கரண்டியின் பிடியைத் தடிப்பித்தல் போல்வன அவை. நுரையீரல் நோயாலோ இருதயப் பலவீனத்தாலோ இளைப்போர்க்கு, ஒரு நாளின் வலுவை ஒரு மாதத்துச் சம்பளத்தைப் போல வரையறுத்துச் செலவிடக் கற்பிப்பர்: இருந்துகொண்டே உடுத்தல், வேண்டும் பொருள்களை முன்னரே எடுத்து வைத்தல், கடின வேலைக்கும் கடின வேலைக்கும் இடையே ஓய்தல். முதுமை மறதியுற்றோர்க்கோ, செயலைப் படிகளாகப் பிரித்து இறுதிப்படியை மட்டும் அவரிடம் விட்டுவிடுவர். சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக உதவியாளர் பூட்டிவர, இறுதிப் பொத்தானை நோயாளி பூட்டுவர். நாளடைவில் இறுதி இரண்டு, பின்னர் மூன்று. முடித்தவர் என்னும் மகிழ்ச்சி முதல் நாளிலேயே நோயாளிக்கு உரியதாகின்றது.

எத்தொழிலைச் செய்விப்பது என்பதும் ஆராயத்தக்கது. பிரித்தானிய வைத்தியசாலைகளிலே நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், சமையலறையொன்றில் தேநீர் தயாரிக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். நினைவு, ஒழுங்கு, கைத்திறன், எச்சரிக்கை ஆகிய நான்கும் அச்சிறு செயலில் வெளிப்படும். ஆயின், ஊரிலே வளர்ந்து முதுமையில் மக்களுடன் இலண்டனுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரிடம், மின்கேத்தலையும் தேயிலைப் பொதியையும் கொடுத்து, பாணை வாட்டி வெண்ணெய் பூசும்படி கேட்டால், அவர் திகைத்து நிற்றல் கூடும். அத்திகைப்பு மூளையின் குறையா, பழக்கமின்மையா? அவர் நாள்தோறும் செய்து வந்தது வேறு. மாவைப் பிசையவோ, சுளகிலே அரிசி புடைக்கவோ கொடுத்துப் பார்த்தால் அவர் கை தானாக இயங்குவதைக் காணலாம். நோயாளியின் தொழில் நோயாளியின் வாழ்வினின்றே எடுக்கப்படல் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. பிற பண்பாட்டினர் நடுவே பணியாற்றும் எம்மவர் இவ்விடத்திற் செய்யக்கூடிய உதவி சிறிதன்று.

நிற்க. இச்சிகிச்சையால் யாவும் கைகூடும் என யாம் கூறவில்லை. இறந்த மூளைக்கலங்களை எவரும் உயிர்ப்பிக்க முடியாது. பாரிசவாதத்தின் பின்னர்ச் சொந்த வீட்டில் வாழ்வோர்க்கு இது பயன் தருகின்றது என்பதற்குப் பல ஆய்வுகள் சான்று பகர்கின்றன. ஆனால், பிரித்தானியாவிலே 228 பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 1042 நோயாளரிடத்தே நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, மூன்று மாதத் தொழில்வழிச் சிகிச்சையால் அவர்தம் அன்றாடச் செயற்றிறன் உயர்ந்ததாகக் காட்டவில்லை. மிக முதிர்ந்து, மிக நலிந்தோர்க்கு வேண்டுவது வேறாதல் கூடும். அன்றியும், கையை விலக்கிக்கொள்ளல் என்பது வன்மனத்தோடு செய்யப்படுமாயின் அது சிகிச்சையாகாது. நோவால் துடிப்பவரிடமும், இரவெல்லாம் உறங்காதவரிடமும், துயரச் செய்தி கேட்டவரிடமும் "நீரே செய்யும்" என்பது கொடுமை. அன்று செய்து கொடுத்தலே தொண்டு. வாழ்வின் இறுதி நாட்களில் இருப்பவர் தம் எஞ்சிய சிறு வலுவைச் சட்டை அணிவதிற் செலவிடாது, பேரனோடு பேசுவதிற் செலவிட விரும்பினால் அவ்விருப்பமே திட்டமாகும். எதனைத் தாமே செய்வது என்று தெரிவு செய்யும் உரிமை எப்பொழுதும் நோயாளியுடையது.

இவையெல்லாம் வெளிநாட்டு வைத்தியசாலைச் செய்திகள். எமக்கு இவற்றாற் பயனென்ன என்று வாசகர் எண்ணுதல் கூடும். நோயாளி வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பியதும், அங்கே உதவியாளரின் இடத்தில் நிற்பவர் மனைவி, மகள், மருமகள் ஆகியோரே. பெற்றோரைப் பேணுதலை அறமெனக் கொண்டவர் நாம். அவ்வறம் காரணமாகவே, நோயுற்ற தந்தையைக் கை அசைக்கவும் விடாது, ஊட்டி, உடுத்தி, குளிப்பாட்டிக் கட்டிலிலேயே கிடத்தி விடுகின்றோம். உறவினரும் கண்டு, "பிள்ளைகள் என்றால் இப்படியல்லவோ இருக்கவேண்டும்" என மெச்சுவர். பிள்ளை அருகே நிற்க, தந்தை நடுங்குங் கையாற் தாமே சோறுண்டு சிந்துவாராயின், அதே உறவினர் பழி கூறுவர். இப்பழிச் சொல்லுக்கு அஞ்சியே பல முதியவர்கள் தேறக்கூடிய மாதங்களை இழக்கின்றனர். ஊட்டுவதிலும் அருகிருந்து உண்பிப்பதிலும் உள்ள அன்பு ஒன்றே. பின்னதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும், அவ்வளவே.

இதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டுவதில்லை. கரண்டிப் பிடியிலே பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினால் தடித்த பிடி ஆகும். பலகையொன்றிலே துருப்பிடியா ஆணி இரண்டை அடித்து, காய்கறியை அதிற் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே அரியலாம். சட்டைப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுநாடா. தாழ்ந்த நாற்காலியின் காலுக்குக் கீழே உறுதியான கட்டை. குந்தியிருக்கும் மலசலகூடத்தின் மேலே நடுவில் துளையிட்ட கதிரை. கிணற்றடியிலும் வாயிற்படியிலும் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். பெரிய வாளிக்குப் பதில் ஒரு சிறிய வாளி. ஊர்த் தச்சரும் கொல்லரும் ஒரு நாளிற் செய்து முடிக்கக்கூடியவை இவை. எவர்க்கு எது ஏற்றது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டறிந்து செய்தல் நன்று. ஏனெனில், தவறான உயரத்தில் அமைத்த பிடியே வீழ்ச்சிக்குக் காரணமாதலும் உண்டு.

மாணவர்க்கும் ஒரு வார்த்தை. மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதாது என்று ஒரு மாணவன் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பதும், பெற்றோர் தலைகுனிவதும் நம் சமூகத்திலே பலகாலமாகக் காணுங் காட்சி. நோயாளர்க்குத் தொண்டு செய்யும் விருப்பம் உண்மையானதாயின், அதற்கு வாயில் ஒன்று மட்டுமன்று. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே தொழில்வழிச் சிகிச்சைக்கெனப் பட்டப்படிப்பு உண்டு. கடல் கடந்த நாடுகளில் உதவியாளராகத் தொடங்கி, பணியாற்றிக்கொண்டே பயின்று சிகிச்சையாளரானோரும் உளர். இப்பணிக்குத் தேவையானவை உடல் நூலறிவும், கூர்ந்த பார்வையும், பிறர் தடுமாறும்போது பதற்றமின்றி அருகிருக்கும் மனவுறுதியுமாகும். 'உதவியாளர்' என்னும் பெயரிலே ஒரு தாழ்வும் இல்லை. வைத்தியர் உயிரைக் காத்துக் கொடுக்கின்றார். காத்த உயிர் எவ்வாறு வாழ்கின்றது என்பது அதன் பின்னர் எழும் வினா. அவ்வினாவுக்கு விடை காணும் இடத்திலே நிற்பவர் இவர்.

இலக்கணத்திலே கருத்தா இரு திறத்தர் என்று கற்றோம். தாமே தொழிலைச் செய்பவர் இயற்றுதற் கருத்தா. பிறரைக் கொண்டு செய்விப்பவர் ஏவுதற் கருத்தா. நோய் மனிதனை இயற்றுதற் கருத்தா என்னும் நிலையினின்றும் இறக்கி, பிறர் செய்வதை ஏற்றுக்கொண்டு கிடக்கும் செயப்படுபொருளாக்கி விடுகின்றது. அவரை மீண்டும் எழுவாயாக்குவதே இப்பணியின் முழுநோக்கம். இம்மலரைப் படிப்போருள் எவர் வீட்டிலேனும் நோயுற்ற பெரியவர் ஒருவர் இருப்பாராயின், நாளைக் காலை தேநீர்க் கோப்பையை அவர் வாயிலே வைக்குமுன் சற்றே பொறுத்து, விழுங்குவதில் அவர்க்கு இடரில்லை என்பதை வைத்தியரிடம் உறுதி செய்துகொண்டு, சூட்டை ஆற்றி, அவர் கைக்கெட்டும் தூரத்திலே கோப்பையை வைத்து, அருகே இருந்து பார்ப்பீர்களாக. கை நடுங்கலாம், தேநீர் சிந்தலாம், துடைப்பதற்கு ஒரு துணி போதும்.